அரைக்கிலோ கறி, கால்கிலோ சோயா: தைவான் வீட்டுக் குழம்பு ஒன்று



சத்துணவுப் பயிற்சிக்குப் போகும் இடத்திலெல்லாம் ஒரு கேள்வி வருகிறது. "பருப்பு, பயறு எல்லாம் சேருங்கன்னு சொல்றீங்க மேடம், கறி எடுக்கிற அன்னைக்கு யாரு பயறைத் தொடுவா?" நியாயமான கேள்விதான். கறியையும் பயறையும் ஒரே சட்டியில் போட்டு, பயறைத் தேடி எடுத்துச் சாப்பிட வைக்கிற சமையல் ஒன்று தைவான் நாட்டில் இருக்கிறது. இந்த மாதம் அதைப் பார்ப்போம்.

தைவான் சீனாவுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு தீவு. அரிசிச் சோறுதான் சாப்பாடு. அங்கே பழைய விவசாயக் குடும்பங்களில் பலர் மாட்டிறைச்சியைத் தொடமாட்டார்கள். உழுகிற மாட்டை எப்படித் தின்பது என்பார்கள். அதனால் வீட்டுக் கறி என்றால் பன்றிக்கறிதான். அதையும் நினைத்தபோது வாங்க வசதி இல்லாத காலத்தில் தோல், கொழுப்பு, ஓரத்துத் துண்டு எல்லாவற்றையும் பொடியாக நறுக்கி, சோயா சாஸில் வெகுநேரம் வேகவைத்து, அந்தச் சாற்றைச் சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டிருக்கிறார்கள். இன்று அதற்குப் பெயர் 'லூ ரோ ஃபான்'. தெருக்கடை முதல் பெரிய ஓட்டல் வரை கிடைக்கும். 2011-ல் ஒரு வெளிநாட்டுச் சுற்றுலாக் கையேடு இது சீனாவின் ஷான்தோங் பகுதிச் சாப்பாடு என்று தவறாகப் போட்டுவிட, தைபே நகர நிர்வாகம் இது எங்கள் சாப்பாடு என்று சொல்லி மக்களுக்கு இலவசமாகவே கிண்ணம் கிண்ணமாகக் கொடுத்தது. ஏழை வீட்டுக் குழம்புக்கு வந்த மரியாதை!

இதே குழம்பில் வீட்டுப் பெண்கள் சோயா பயறோ நிலக்கடலையோ சேர்ப்பார்கள். பன்றிக்கால், நிலக்கடலை இரண்டையும் சேர்த்து வேகவைத்த சாற்றைப் பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்க என்று கொடுப்பது அங்கே பழைய வழக்கம். நாம் பூண்டு கொடுக்கிற மாதிரி.

ஒரு சின்னக் கணக்கு. தோலும் கொழுப்பும் உள்ள வயிற்றுக்கறி 100 கிராமில் புரதம் சுமார் 10 முதல் 15 கிராம்தான். காய்ந்த சோயாவில் 100 கிராமுக்கு சுமார் 36 கிராம். அப்படியானால் அரைக்கிலோ கறியைவிட அதோடு சேர்க்கிற கால்கிலோ சோயாதான் அதிகப் புரதம் தருகிறது. இன்னொன்றும் இருக்கிறது. கறி வைத்த வீட்டில் ஆம்பளைகளும் பிள்ளைகளும் சாப்பிட்ட பிறகு, சமைத்தவளுக்கு மிஞ்சுவது எலும்பும் குழம்பும் என்பது நமக்குத் தெரியும். இதில் கடைசியில் மிஞ்சுவது சாறு இறங்கிய பயறு. (அதற்காகக் கடைசியில்தான் சாப்பிட வேண்டும் என்று சொல்லவில்லை. சேர்ந்து உட்காருங்கள்.)

இனி செய்முறை. 6 முதல் 8 பேருக்கு வரும்.

சோயாவை முதல்நாள் இரவே ஊறவையுங்கள். காலையில் ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குக்கரில் 5 விசில் விட்டு எடுங்கள். இதில் அவசரம் ஆகாது. பச்சை சோயாவில் செரிமானத்தைத் தடுக்கிற பொருள் உண்டு, நன்றாக வெந்தால்தான் அது அடங்கும். முதல்தடவை நாங்கள் அலுவலகத்தில் செய்தபோது வேகவைக்காத சோயாவை நேராகச் சாஸும் சர்க்கரையும் கொதிக்கிற சட்டியில் போட்டுவிட்டோம். இரண்டு மணி நேரம் ஆகியும் கடிக்க முடியவில்லை. "கோழிக்குப் போடலாம் மேடம்" என்றார் உதவிக்கு வந்த அக்கா. கடைசியில் கறியை மட்டும் பொறுக்கிச் சாப்பிட்டோம்.

கறியை ஒரு அங்குலத் துண்டாக வெட்டி, பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் வையுங்கள். கொதி வந்து 5 நிமிடத்தில் மேலே அழுக்கு நுரை கட்டும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கறியைக் கழுவுங்கள். கவிச்சி வாடை பாதி இதிலேயே போய்விடும்.

அடி கனமான சட்டியில் இரண்டு கரண்டி எண்ணெய் விட்டு, 15 சின்ன வெங்காயத்தை மெல்லிசாக நறுக்கிப் பொன்னிறமாக வறுத்து எடுத்து வையுங்கள். தைவான்காரர்களுக்கு இந்த வறுத்த வெங்காயம்தான் குழம்பின் உயிர், கருக விட்டால் கசந்துவிடும். அதே எண்ணெயில் ஒரு மேசைக்கரண்டி கற்கண்டுப்பொடி போட்டு, இளகிச் சிவந்ததும் கறியைக் கொட்டிப் புரட்டுங்கள். தட்டிய பூண்டு 6 பல், இஞ்சி ஒரு துண்டு, அன்னாசிப்பூ 2, பட்டை சிறு துண்டு, சோயா சாஸ் 5 மேசைக்கரண்டி சேருங்கள். அங்கே அரிசி மது ஒரு சிறு அளவு ஊற்றுவார்கள். நமக்கு அது வேண்டாம், இஞ்சி போதும். ஒரு லிட்டர் தண்ணீர் விட்டு, கொதித்ததும் தீயைக் குறைத்து மூடி ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு வெந்த சோயாவையும் வறுத்த வெங்காயத்தையும் போட்டு இன்னும் 40 நிமிடம். வேகவைத்து உரித்த முட்டையையும் இப்போதே போடலாம், சாறு ஏறி பழுப்பு நிறமாகிவிடும்.

மிளகாய், மஞ்சள், புளி எதுவும் கிடையாது. கை துறுதுறுக்கும், போடாதீர்கள். ஒருமுறை அப்படியே செய்து பாருங்கள்.

உப்பும் தனியாகப் போடக்கூடாது. சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 2 கிராமுக்கு மேல் உப்பு இருக்கிறது. 5 கரண்டிக்கு 12 கிராம் அளவு வரும். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குப் பயறையும் கறியையும் வையுங்கள், சாற்றைக் குறையுங்கள். பாட்டில் வாங்கும்போது சோயா, கோதுமை, உப்பு என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். தைவானில் யுன்லின் மாவட்டத்து சீலோ ஊர்க்காரர்கள் கறுப்பு சோயாவை மண்ஜாடியில் உப்போடு அடைத்து, மாதக்கணக்கில் வெயிலில் வைத்துப் புளிக்கவிடுகிறார்கள். நம் ஊறுகாய் ஜாடி ஞாபகம் வருகிறது.

இப்போது பயத்துக்கு வருவோம். "பன்றிக்கறி தின்னா வலிப்பு வரும்" என்று பலர் சொல்கிறார்கள். விஷயம் இதுதான். நாடாப்புழுவின் கட்டிகள் உள்ள கறியைச் சரியாக வேகாமல் சாப்பிட்டால் குடலில் புழு வளரும். அந்த ஆளின் மலத்தில் முட்டைகள் வெளியேறும். கழுவாத கை, அழுக்குத் தண்ணீர், கழுவாத காய் வழியாக அந்த முட்டை யார் வயிற்றுக்குள் போனாலும் மூளைக்குப் போய்க் கட்டி உண்டாக்கி வலிப்பு வரவைக்கலாம். அதனால் பன்றிக்கறியே தொடாதவர்களுக்கும் இது வரும். கழிப்பறையும் சோப்புக் கைகழுவலும்தான் இங்கே முக்கியம். கறி வாங்கும்போது தசைக்குள் அரிசிமணி மாதிரி வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் வாங்காதீர்கள். தெருவில் மேய்ந்த பன்றி வேண்டாம், கொட்டகையில் வளர்த்த வெண்பன்றியாகப் பார்த்து வாங்குங்கள். இந்தக் குழம்பு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கொதிப்பதால் அரைவேக்காட்டுப் பயம் இல்லை. பச்சைக்கறி வெட்டிய அரிவாள்மனையிலேயே வெங்காயத்தை நறுக்காதீர்கள்.

பன்றிக்கறி சாப்பிடாத சகோதரிகள் நம் குழுக்களில் நிறைய பேர். அவர்கள் கறியை விட்டுவிட்டு முட்டையும் சோயாவும் மட்டும் இதே முறையில் செய்யலாம். தைவானிலேயே தனி முட்டையை இப்படி வேகவைத்து விற்கிறார்கள். சோயா கிடைக்காத ஊரில் நிலக்கடலையை ஊறவைத்துப் போடுங்கள், 3 விசில் போதும்.

குளிர்பெட்டி இல்லாத வீட்டில் அன்றே தீர்த்துவிடுங்கள். இரவுக்கு வைப்பதானால் பொங்கக் கொதிக்கவைத்து மூடுங்கள், சாப்பிடும்முன் மறுபடி கொதிக்கவையுங்கள். கரண்டியைக் குழம்புக்குள்ளேயே விட்டு வைக்காதீர்கள்.

அடுத்த கூட்டத்துக்குள் யாராவது செய்து பார்த்தால், கறி என்ன விலை, சோயா என்ன விலை, எத்தனை பேர் சாப்பிட்டீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதி ஊக்குநரிடம் கொடுங்கள். வேகாமல் போனாலும் எழுதுங்கள்.