தூய்மை தோட்டத்திலேயே தொடங்கட்டும்!

"சுத்தம் சோறு போடும்" என்பது நம் பழமொழி. அச்சுத்தம் அடுக்களையில் தொடங்குவதாகவே நாம் எண்ணுகிறோம். அது விளைநிலத்திலேயே தொடங்க வேண்டும் என்பதை அமெரிக்க நாட்டு நிகழ்ச்சி ஒன்று நமக்குப் போதிக்கிறது.

2006-ஆம் ஆண்டு அங்கே, பையில் அடைத்து விற்ற பசலைக்கீரையைப் பச்சையாக உண்ட சுமார் 200 பேர் நோயுற்றனர். 31 பேருக்குச் சிறுநீரகம் பழுதடைந்தது. மூவர் மாண்டனர், அவர்களுள் இரண்டு வயதுக் குழந்தையும் ஒன்று. காரணம், 'ஈ.கோலி' என்னும் நுண்ணுயிரின் கொடிய வகை. கலிபோர்னியாவில் கீரை விளைந்த வயலுக்கு அருகே மாட்டுச் சாணத்திலும், ஆற்றுநீரிலும், காட்டுப் பன்றிகளிடமும் அதே கிருமி காணப்பட்டது.

நாம் கீரையை வேகவைத்து உண்கிறோம். வெப்பத்தில் கிருமி மடிந்துவிடும். பச்சையாக உண்பவற்றிற்கு அந்தக் காவல் இல்லை. இலையில் ஒட்டிய கிருமி கழுவினாலும் முற்றிலும் நீங்குவதில்லை. எனவே, ஒட்டாமல் தடுப்பதே வழி. 2011-இல் அந்நாட்டில் உணவுப் பாதுகாப்புச் சட்டமும், அதன்கீழ் 2015-இல் பண்ணைகளுக்கான விதிகளும் பிறந்தன. அவற்றுள் முக்கியமானவை:

1. தண்ணீர்: அறுவடையின்போதும் அதன் பின்பும் விளைபொருளில் படும் நீரில், 100 மில்லிலிட்டருக்கு ஓர் ஈ.கோலிகூடத் தென்படக் கூடாது.

2. எரு: கிளறி மக்கவைக்கும் குவியலில் 55 டிகிரி செல்சியஸ் வெப்பம் 15 நாட்கள் இருக்க வேண்டும், குறைந்தது 5 முறை கிளற வேண்டும்.

3. விலங்குகள்: வயலில் எச்சம் உள்ளதா என்று பார்த்து, அது பட்டதை அறுக்காமல் விட வேண்டும்.

4. தொழிலாளர்: நோயுற்றவர் விளைபொருளைத் தொடலாகாது. கழிப்பிடமும், கை கழுவ நீரும் சோப்பும் பண்ணையில் இருக்க வேண்டும்.

இவற்றுள் நான்காவது விதியே நம்மை மிகவும் சிந்திக்க வைக்கிறது. வெயிலில் நின்று கீரை பறிப்பவருக்குக் கழிப்பிடமும் நீரும் தராமல், அவரிடம் தூய்மையை எதிர்பார்ப்பது நியாயமாகுமா? அவருடைய நலனும் நம் நலனும் ஒரே இலையில் அல்லவா இருக்கின்றன!

தோழியரே! காய்கனிகளை ஓடும் நீரில் கழுவுவோம். கையையும் கத்தியையும் பலகையையும் முதலில் கழுவுவோம். விளைவிப்போரின் நலனையும் மறவாதிருப்போம்.