தீர்ப்பு தேடுறீங்களா? முதலில் வருவதே முடிவு அல்ல!

சொத்துப் பங்கு, வாடகை, ஜீவனாம்சம் என்று எந்தச் சிக்கல் வந்தாலும் இப்போது கை முதலில் போவது செல்போனுக்குத்தான். அதில் தப்பில்லை. உயர் நீதிமன்றத் தீர்ப்புகளை ஈகோர்ட்ஸ் தீர்ப்புத் தேடல் தளத்திலும், உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை 2023 ஜனவரியில் தொடங்கப்பட்ட இ-எஸ்சிஆர் தளத்திலும் யார் வேண்டுமானாலும் கட்டணமில்லாமல் படிக்கலாம்.

தேடுவது சுலபம். வந்து குவிகிற முடிவுகளில் எதை நம்புவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஒரு உதாரணத்தை வைத்துப் படிப்படியாகப் பார்க்கலாம், வாங்க.

எடுத்துக்கொள்ளும் கேள்வி

ஒரு பெண்ணுக்கு 1985-இல் திருமணம் ஆனது. அப்பா 2001-இல் இறந்துவிட்டார். பூர்வீக நிலம் இன்னும் பாகம் பிரிக்கப்படவில்லை. "2005-ல சட்டம் வர்றதுக்கு முன்னாடியே அப்பா போயிட்டாரு. அதனால உனக்குப் பங்கு கிடையாது. சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு, பாரு" என்று அண்ணன் செல்போனில் ஒரு தீர்ப்பைக் காட்டுகிறார். கையில் விடுதலைப் பத்திரமும் தயாராக இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா?

படி 1: சரியான சொற்களைக் கொடுங்கள்

தீர்ப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால், தேடும் சொற்களையும் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யுங்கள். 'பிராப்பர்ட்டி' என்று ஒரே சொல்லைப் போட்டால் கடல் போல முடிவுகள் வரும். மகள், கூட்டுக்குடும்பச் சொத்து, பாகப்பிரிவினை ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களோடு, இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 6-வது பிரிவையும் சேர்த்துப் போடுங்கள்.

ஈகோர்ட்ஸ் தளத்தில் 'ஏதாவது ஒரு சொல்', 'எல்லாச் சொற்களும்', 'அதே சொற்றொடர்' என்று மூன்று வகையில் தேட முடியும். நம் உதாரணத்துக்கு 'எல்லாச் சொற்களும்' என்பது பொருத்தம். அப்புறம் நீதிமன்றம், ஆண்டு போன்ற வடிகட்டிகளைப் பயன்படுத்தி முடிவுகளைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: திறக்கும் முன் முடிவின் விவரத்தைப் படியுங்கள்

ஒவ்வொரு முடிவிலும் வழக்கின் பெயர், நீதிபதி, சிஎன்ஆர் எண், தீர்ப்புத் தேதி, நீதிமன்றம், 'டிஸ்போசல் நேச்சர்' ஆகிய விவரங்கள் இருக்கும். கடைசியாகச் சொன்னது, வழக்கு எப்படி முடிந்தது என்பதைக் காட்டும். 'அலவ்டு' என்றால் மனு ஏற்கப்பட்டது. 'டிஸ்மிஸ்டு' என்றால் தள்ளுபடி.

ஆனால் தள்ளுபடியிலும் வகை உண்டு. மனுதாரரே திரும்பப் பெற்றதால் தள்ளுபடியாகியிருக்கலாம். அவர் ஆஜராகாததால் தள்ளுபடியாகியிருக்கலாம். இந்த இரண்டிலும் 'பங்கு உண்டா, இல்லையா' என்ற கேள்விக்கு நீதிமன்றம் பதில் சொல்லியே இருக்காது. அவற்றை ஆதாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

படி 3: எந்த நீதிமன்றம், எத்தனை நீதிபதிகள், எந்தத் தேதி?

முக்கியமான படி இதுதான். தேடுபொறி நாம் கொடுத்த சொற்களைத்தான் பார்க்கிறது. அந்தத் தீர்ப்பு இன்றைக்கும் செல்லுமா என்று அது பார்ப்பதில்லை. அதை நாம்தான் பார்க்கணும்.

உச்ச நீதிமன்றம் வகுத்த சட்டம் நாட்டின் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்கிறது அரசியலமைப்பின் 141-வது பிரிவு. உச்ச நீதிமன்றத்துக்குள்ளேயே இரண்டு தீர்ப்புகள் முரண்பட்டால், அதிக நீதிபதிகள் கொண்ட அமர்வின் தீர்ப்பே நிற்கும்.

நம் கேள்விக்குத் தேடினால் மூன்று தீர்ப்புகள் கண்ணில் படும்.

ஒன்று, பிரகாஷ் எதிர் பூலாவதி. தேதி 16.10.2015, இரண்டு நீதிபதிகள். திருத்தச் சட்டம் அமலுக்கு வந்த 9.9.2005 அன்று அப்பாவும் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்றது. அண்ணன் காட்டியது இதைத்தான்.

இரண்டு, தானம்மா எதிர் அமர். தேதி 1.2.2018, இதுவும் இரண்டு நீதிபதிகள். இதில் அப்பா 2001-இலேயே இறந்திருந்தும் மகள்களுக்குப் பங்கு கொடுக்கப்பட்டது.

மூன்று, வினீதா சர்மா எதிர் ராகேஷ் சர்மா. தேதி 11.8.2020, மூன்று நீதிபதிகள். மகளின் உரிமை பிறப்பால் வருவது, எனவே 9.9.2005 அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று தீர்த்து, 2015 தீர்ப்பு தவறு என அதை ரத்து செய்தது.

ஆக, அண்ணன் காட்டியது போலித் தீர்ப்பு இல்லை. ஆனால் இன்று அது செல்லாது!

படி 4: 'அதுக்கு அப்புறம் என்ன ஆச்சு?'

ஒரு தீர்ப்பு கிடைத்ததும், அதன் பெயரையே மறுபடி தேடுங்கள். பிந்தைய தீர்ப்புகள் முந்தையதைக் குறிப்பிட்டுத்தான் பேசும். முழுப் பெயரையும் போட்டால் நடுவில் வரும் 'எதிர்' என்பதற்கான ஆங்கிலச் சுருக்கம் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். அதனால் 'பூலாவதி' போன்ற தனித்த பெயரை மட்டும் போட்டு, புதிய ஆண்டுகளை முதலில் பாருங்கள். 'ஓவர்ரூல்டு' என்ற சொல் கண்ணில் பட்டால், பழைய தீர்ப்பு கைவிடப்பட்டிருக்கலாம். அந்தப் பத்தியை முழுதாகப் படியுங்கள்.

படி 5: உள்ளே யார் பேசுகிறார்கள் என்று கவனியுங்கள்

தீர்ப்பின் முன்பகுதியில் இரு தரப்பு வழக்கறிஞர்களின் வாதங்கள் பல பக்கம் போகும். 'மகளுக்கு உரிமை இல்லை' என்ற வரி அங்கே இருந்தால் அது ஒரு தரப்பின் வாதம், நீதிமன்றத்தின் முடிவு அல்ல. ஸ்கிரீன்ஷாட்டில் ஒரு பத்தியை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கடைசிப் பக்கங்களைக் கட்டாயம் படியுங்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் சிலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. அது புரிந்துகொள்ள உதவும். ஆனால் சட்டப்படி ஆங்கில மூலமே அதிகாரபூர்வமானது.

படி 6: உங்கள் விவரங்களோடு ஒப்பிடுங்கள்

தீர்ப்பு நமக்குச் சாதகமாகத் தெரிந்தாலும் நிபந்தனைகள் உண்டு. 2005 திருத்தம் கூட்டுக்குடும்பப் பூர்வீகச் சொத்துக்கானது. 20.12.2004-க்கு முன்பே முறையாகப் பாகம் பிரித்திருந்தாலோ, விற்றிருந்தாலோ அதை இது பாதிக்காது. 'அப்பவே வாய்மொழியா பிரிச்சாச்சு' என்ற பேச்சை மட்டும் நீதிமன்றம் சாதாரணமாக ஏற்காது என்பதையும் 2020 தீர்ப்பு சொல்கிறது.

தமிழ்நாட்டில் இன்னொரு குழப்பமும் உண்டு. மகள்களுக்குச் சம பங்கு தரும் சட்டத்தை நம் மாநிலம் 25.3.1989 முதலே நடைமுறைப்படுத்தியது. அதில் அந்தத் தேதிக்கு முன் திருமணமானவர்களுக்கு இடமில்லை. அதனால் பழைய தீர்ப்புகளில் 'திருமணமான மகளுக்கு இல்லை' என்று வரும். 2005 மத்தியச் சட்டத்தில் திருமணம் ஒரு தடையே இல்லை.

எனவே நம் உதாரணத்தில் வரும் பெண் 1985-இல் மணமானவர் என்றாலும், அப்பா 2001-இல் இறந்திருந்தாலும், நிலம் பாகமாகாமல் இருப்பதால் சம பங்கு கேட்க அவருக்கு வலுவான உரிமை இருக்கிறது. விடுதலைப் பத்திரத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தால், அதைத் திரும்பப் பெற வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைய வேண்டி வந்திருக்கும்.

அடுத்து என்ன செய்யலாம்?

தேடிக் கிடைத்த தீர்ப்பின் பெயர், தேதி, நீதிமன்றம், நீதிபதிகளின் எண்ணிக்கை ஆகிய நான்கையும் குறித்துக்கொண்டு, பத்திர நகல்களோடு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். செலவுக்கு வழியில்லை என்று தயங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவின்படி, பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், அல்லது 15100 என்ற எண்ணை அழைக்கலாம். எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடும் முன் அழையுங்கள்.