காட்டில் ஓர் இரவு: கரிசல் மண்ணில் ஒரு களப்பாடம்

கரிசல் பகுதியில் ஒருவர் ‘காட்டுக்குப் போறேன்’ என்றால் புஞ்சைக்குப் போகிறார் என்று பொருள். அடர்ந்த வனம் இங்கே குறைவு. ஆனாலும் இந்தப் புஞ்சைக்காட்டுக்கு இரவில் காட்டுப்பன்றி வருகிறது. விடியலில் மயில் இறங்குகிறது. மண் வெடிப்பிலும் வரப்பு வளைகளிலும் பாம்பும் தேளும் தங்குகின்றன. நம் மாணவர்கள் பலர் வளர்வது இந்தக் காட்டில்தான். எனவே பாஞ்சாலங்குறிச்சியை ஒட்டிய கரிசல் காட்டில், எங்கள் பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றத்தின் எட்டாம் வகுப்பு மாணவர்கள் 22 பேருக்கு ஓர் இரவு முகாம் நடத்தினேன். பிற பள்ளிகளும் செய்து பார்க்க ஏதுவாக அதன் படிநிலைகளைப் பகிர்கிறேன்.

நோக்கம்

‘இருட்டில் போகாதே’, ‘பாம்பைக் கண்டால் விலகு’ என்ற விதிகள் மாணவர்களுக்கு மனப்பாடம். விதிக்குக் காரணம் என்ன என்று கேட்டால் பதில் வருவதில்லை. முகாமின் ஒவ்வொரு விதிக்கும் உரிய காரணத்தை அந்த உயிரினத்தின் வாழ்க்கைமுறையிலிருந்து மாணவர்களே கண்டறிய வேண்டும் என்பதே இப்பாடத்தின் நோக்கம்.

முன் தயாரிப்பு

கல்வி அலுவலரின் அனுமதியும் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் பெற்றோம். இரண்டு ஆசிரியைகள் உட்பட நான்கு ஆசிரியர்களும் பள்ளி மேலாண்மைக் குழுவினர் சிலரும் உடனிருந்தனர். பொங்கல் முடிந்த வார இறுதியைத் தேர்ந்தெடுத்தோம். அப்போது மக்காச்சோளக் கதிர் பால்பிடித்திருக்கும். பன்றியின் வரவும் மிகுந்திருக்கும். மழை விட்ட மண்ணில் ஈரம் மிச்சமிருப்பதால் கால்தடம் நன்றாகப் பதியும். கரிசல் முழுக்க நனைந்திருந்தால் காலில் களி ஒட்டிக்கொண்டு நடக்கவே விடாது.

இரண்டு நாள் முன்னதாக விவசாயிகளுடன் பகலில் நடந்து பாதையைப் பார்த்தோம். இரவு நடையில் பன்றியைவிடப் பெரிய ஆபத்து வேலியில் இருக்கிறது. மின்கம்பியிலிருந்து நேரடியாக மின்சாரம் எடுத்து வேலியில் பாய்ச்சுவது குற்றம். அது பன்றியையும் மனிதரையும் வேறுபடுத்தாது. முறையான சூரியசக்தி வேலி மிகக் குறுகிய துடிப்புகளாகவே மின்சாரம் விடுவதால் அதிர்ச்சி தந்து விரட்டும். இந்த வேறுபாட்டை வகுப்பறையிலேயே மின்னோட்டப் பாடத்தோடு சேர்த்து நடத்தினேன். வண்டிப்பாதையை விட்டு யாரும் வரப்பில் இறங்கக்கூடாது என்ற முதல் விதி அங்கே பிறந்தது.

பாம்புக்கடி நச்சுமுறிவு மருந்து இருக்கும் அருகிலுள்ள அரசு மருத்துவமனையை உறுதிசெய்துகொண்டு, இரவு முழுவதும் ஓட்டுநருடன் ஒரு வாகனத்தை நிறுத்தி வைத்தோம்.

செயல்பாடு 1: மாலை நடை

பாஞ்சாலங்குறிச்சியில் கோட்டை எழுந்ததற்கு ஒரு கதை சொல்வார்கள். வேட்டைநாய்களை ஒரு முயல் எதிர்த்துத் துரத்தியதாம். வீரம் விளையும் மண் என்று அங்கேயே கோட்டை கட்டினார்களாம். நடையின் தொடக்கத்தில் இக்கதையைச் சொல்லி, “முயல் எப்போது திரும்பி நிற்கும்?” என்று கேட்டேன். “ஓட வழியில்லைன்னா” என்றாள் ஒரு மாணவி. அதுவே இரண்டாவது விதியானது: எந்த விலங்கின் வழியையும் மறிக்கக்கூடாது. குட்டிகளோடு வரும் பெண்பன்றிக்கு இது இன்னும் பொருந்தும். பன்றிக்குக் கண்பார்வை மந்தம். மோப்பமும் செவியும் கூர்மை. ஆகவே சத்தமில்லாமல் போய்த் திடீரென எதிர்ப்படுவதைவிடப் பேசிக்கொண்டே கூட்டமாக நடப்பது நல்லது.

சீமைக்கருவேலப் புதர், ஓடை, மக்காச்சோளப் புஞ்சை ஆகிய மூன்றையும் மாணவர்கள் வரைபடத்தில் குறித்தனர். மறைவு, நீர், உணவு மூன்றும் அருகருகே இருப்பதைக் கண்டதும், பன்றி ஏன் இங்கே பெருகுகிறது என்ற கேள்விக்கு விடை அவர்களிடமிருந்தே வந்தது.

செயல்பாடு 2: இரவு

சாப்பாட்டு மிச்சத்தை என்ன செய்வது என்று குழுக்களிடம் கேட்டேன். மண்ணில் புதைக்கலாம் என்றது ஒரு குழு. மண்ணைக் கிண்டி இரை எடுக்கும் விலங்கிடமிருந்து புதைத்து ஒளிக்க முடியாது என்றது இன்னொரு குழு. மூடியுள்ள வாளியில் போட்டு அறைக்குள் வைத்தோம்.

ரூபாய் நோட்டைச் சரிபார்க்கும் புற ஊதா விளக்கைச் சுவர் ஓரத்தில் அடித்தபோது ஒரு தேள் பச்சையாக ஒளிர்ந்தது. மறுநாள் காலை ஒருவர்கூடச் செருப்பை உதறாமல் போடவில்லை.

தூங்கியது பள்ளி அறைக்குள்தான். பாயின் அடியில் ஓரம் செருகிய கொசுவலை அனைவருக்கும் உண்டு. கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. தரையில் படுத்திருப்பவரைத் தூக்கத்தில் கடிக்கும். வலி குறைவாக இருப்பதால் கடித்ததே தெரியாமல் போகலாம். கடிபட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எல்லாம் கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பாம்பைப் பிடிக்க நேரம் செலவிடக்கூடாது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கிற்கும் ஒரே நச்சுமுறிவு மருந்துதான் என்பதையும் விளக்கினேன்.

அப்போது ஒரு மாணவன் கேட்டான்: “எங்க தாத்தா தெனமும் காட்டுலதான் டீச்சர் படுக்காங்க, வெறுந்தரையில சாக்கை விரிச்சு. அவங்க என்ன செய்யணும்?” காவலுக்குப் போவோருக்கு எவை தேவை என்று அன்றிரவே மாணவர்கள் பட்டியல் எழுதினார்கள்: கட்டில் அல்லது பரண், கொசுவலை, கைவிளக்கு, மூடிய காலணி, 108 அழைக்கக் கைப்பேசியில் மின்னேற்றம்.

செயல்பாடு 3: விடியல் தடங்கள்

காலையில் பாதையோரம் தடங்களைத் தேடினோம். ஆட்டின் தடத்தில் இரண்டு குளம்புகள் மட்டும் பதியும். பன்றித் தடத்தில் அவற்றின் பின்னே இரு சிறு புள்ளிகளும் பெரும்பாலும் தெரியும். பிறகு உரிமையாளர் அனுமதியோடு ஒரு புஞ்சையில் சேதத்தைக் கணக்கிட்டோம். 10 வரிசைகளில் வரிசைக்கு 20 செடிகள் எண்ண வேண்டும். அந்த 200 செடிகளில் 30 சாய்ந்திருந்தால் சேதம் 15 விழுக்காடு. வனத்துறையிடம் இழப்பீடு கேட்டு விண்ணப்பிக்கும் முறையும் பேசப்பட்டது.

கலந்துரையாடல்

எல்லா விலங்கையும் கொன்றுவிடலாமே என்ற குரலும் எழுந்தது. அதை அடக்கவில்லை, பயிர் இழந்த வீட்டுப் பிள்ளையின் குரல் அது. நம் மாவட்டத்து வல்லநாடு சரணாலயத்தைப் பற்றிச் சொன்னேன். 1987 இல் அறிவிக்கப்பட்ட, 1,641 ஹெக்டேர் பரப்புள்ள அந்தக் குன்றுதான் இந்தியாவில் வெளிமான் இயற்கையாக வாழும் தென்கோடி இடம். 1972 ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வெளிமானும் மயிலும் முதல் அட்டவணையில் உள்ளன. பயிரையும் உயிரையும் காக்க என்ன செய்யலாம் என்ற விவாதம் நீண்டது. சீமைக்கருவேலப் புதரை அகற்றுவதில் எல்லாக் குழுக்களும் உடன்பட்டன.

மதிப்பீடு

முகாம் விதிகளில் ஐந்தைக் கொடுத்து, எந்த விலங்கின் எந்தப் பண்பினால் அந்த விதி வந்தது என எழுதச் சொல்லலாம். இரண்டாவதாக, மாணவர்கள் காவல் பட்டியலைத் தம் வீட்டில் வாசித்துக்காட்டி, எது நடைமுறைக்கு வந்தது என ஒரு வாரம் கழித்துச் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளியில் அந்த மாணவன் கொண்டுவந்த பதில் ஒரே வரி: “தாத்தா கயித்துக்கட்டிலைக் காட்டுக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க டீச்சர்.”