ஆளின்றி நடைபெறும் மென்பொருள் மேம்படுத்தல்

இப்பாடத்தைக் கற்றபின் நீங்கள்,
• ஆளில்லா நிறுவல் என்றால் என்னவென விளக்குவீர்கள்.
• பல விண்டோஸ் கணினிகளில் அதனைச் செய்யும் படிமுறைகளை ஒழுங்காக எழுதுவீர்கள்.
• அதன் நன்மைகளையும் ஆபத்துகளையும் உதாரணங்களுடன் ஒப்பிடுவீர்கள்.

1. அறிமுகம்

கணினி ஆய்வுகூடம் ஒன்றில் 40 கணினிகள் உள்ளன எனக் கொள்வோம். ஒரு மென்பொருளின் புதிய பதிப்பைக் கையால் நிறுவ ஒரு கணினிக்கு 15 நிமிடம் செல்லுமாயின், ஒருவர் ஒவ்வொன்றாகச் செய்து முடிக்க 600 நிமிடம், அதாவது 10 மணித்தியாலம் தேவை. இதைவிட முக்கியமானது, கையால் செய்யும்போது ஏதாவதொரு கணினி விடுபட்டுப் போகலாம் என்பதாகும். பாதுகாப்புக் குறைபாடு திருத்தப்படாத ஒரு கணினி போதும், வலையமைப்பு முழுவதற்கும் தீங்கு வர.

2. வரைவிலக்கணம்

நிறுவும்போது "அடுத்து", "சம்மதம்", "முடி" எனத் திரையில் கேட்கப்படும் வினாக்களுக்கான விடைகளை முன்கூட்டியே கொடுத்துவிட்டு, எவரும் அருகில் இல்லாமலே நிறுவலை நடத்துவது ஆளில்லா நிறுவல் எனப்படும். திரையில் எதுவும் தோன்றாமல் நடைபெறுமாயின் அது மௌன நிறுவல் ஆகும். இவ்விரண்டையும் மாணவர்கள் ஒன்றெனக் கருதுவதுண்டு. திரையில் முன்னேற்றப் பட்டை தெரிந்தாலும், வினா எதுவும் கேட்கப்படாவிடின் அது ஆளில்லா நிறுவலே.

3. பயன்படும் கருவிகள்

(அ) விண்டோஸ் இன்ஸ்டோலர்: எம்.எஸ்.ஐ வகைக் கோப்புகளை நிறுவும் விண்டோசின் உட்பகுதி. கட்டளையில் சாய்கோட்டுடன் கியூ, என் என்னும் எழுத்துகளைச் சேர்த்தால் நிறுவல் மௌனமாக நடைபெறும்.
(ஆ) குறூப் பொலிசி: விண்டோஸ் 2000 உடன் அறிமுகமானது. அக்டிவ் டிரெக்டரி ஆள்களத்தில் இணைந்த கணினிகளுக்கு ஒரே இடத்திலிருந்து மென்பொருளை ஒதுக்கலாம். கணினிக்கு ஒதுக்கிய மென்பொருள், கணினி தொடங்கும்போது, பயனர் உட்புகுமுன் நிறுவப்படும்.
(இ) பணி அட்டவணை: குறித்த நேரத்தில், உதாரணமாக நள்ளிரவில், கட்டளைக் கோப்பொன்றை இயக்கும்.

4. படிமுறைகள்

படி 1: எந்தக் கணினியில் எந்தப் பதிப்பு உள்ளதெனப் பட்டியல் எடுத்தல்.
படி 2: நிறுவற் கோப்பைச் சேவையகத்தின் பகிரப்பட்ட கோப்புறையில் வைத்து, கணினிகளுக்கு வாசிக்கும் உரிமையை மாத்திரம் வழங்குதல். எழுதும் உரிமை கொடுத்தால், ஒருவர் அக்கோப்பை மாற்றி எல்லாக் கணினிகளையும் கெடுத்துவிடலாம்.
படி 3: சில கணினிகளில் பரீட்சித்தல்.
படி 4: குழு குழுவாக விரிவுபடுத்தல்.
படி 5: பதிவுக் கோப்புகளையும் முடிவுக் குறியீடுகளையும் பார்த்துத் தோல்வியுற்றவற்றை மீளச் செய்தல்.

விண்டோஸ் இன்ஸ்டோலரின் முக்கிய முடிவுக் குறியீடுகள்:
0 – வெற்றி
3010 – வெற்றி, ஆயினும் மீளத்தொடக்கம் தேவை
1618 – வேறொரு நிறுவல் நடந்துகொண்டிருக்கிறது
1603 – நிறுவல் தோல்வி
பூச்சியம் அல்லாத எல்லாம் தோல்வி என எழுத வேண்டாம். 3010 அதற்கு விதிவிலக்கு.

5. கவனிக்க வேண்டியவை

• பணி அட்டவணை மூலம் முறைமைக் கணக்கில் இயங்கும் நிறுவல், பயனரின் திரையில் தோன்றாது. ஒரு வினாவுக்கான விடை தவறவிடப்பட்டிருந்தால், நிறுவல் யாரும் காணாத வினாவொன்றுக்கு விடை வருமென்று காத்துக்கொண்டே இருக்கும்.
• பயனர் தமக்கென அமைத்த வலையமைப்பு இயக்கி எழுத்து முறைமைக் கணக்குக்குத் தெரியாது. எனவே சேவையகப் பெயருடன் முழுப் பாதையையும் கொடுத்தல் வேண்டும்.
• பதிப்பு எண்களைச் சொற்களைப்போல் ஒப்பிடக் கூடாது. அவ்வாறு ஒப்பிட்டால் முதலெழுத்து 1 ஆக இருப்பதால் 10 ஆனது 9 ஐவிடச் சிறியதெனக் கொள்ளப்பட்டு, பழைய பதிப்பே புதியதாகக் கருதப்படும்.
• பயனர் வேலை செய்யும்போது கணினி தானாக மீளத்தொடங்காதவாறு கட்டளையில் தடுத்தல் வேண்டும். சேமிக்கப்படாத வேலை அழிந்துவிடும்.

6. இரு உண்மைச் சம்பவங்கள்

தாமதித்ததன் விளைவு: 2017 மார்ச் 14 இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோசின் பாதுகாப்புக் குறைபாடொன்றுக்குத் திருத்தம் வெளியிட்டது. 59 நாட்களின் பின், மே 12 இல், அதே குறைபாட்டினூடாக வொனாக்கிரை என்னும் தீங்குநிரல் பரவியது. அது கோப்புகளைப் பூட்டி, விடுவிக்கப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையில் ஆயிரக்கணக்கான நோயாளர் சந்திப்புகள் இரத்தாயின. திருத்தம் கையில் இருந்தது. பல கணினிகளுக்கு அது போய்ச் சேரவில்லை.

அவசரப்பட்டதன் விளைவு: 2024 ஜூலை 19 இல் கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பிய பிழையான உள்ளடக்க இற்றைப்படுத்தல் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை நிலைகுலையச் செய்தது. 78 நிமிடங்களில் அது மீளப் பெறப்பட்டது. ஆனால் அதற்குள் விமானச் சேவைகளும் மருத்துவமனைகளும் பாதிக்கப்பட்டன. தொடங்க மறுத்த கணினிகள் பலவற்றை ஒவ்வொன்றாகக் கையால் திருத்த நேர்ந்தது.

முதற் சம்பவத்தை மாத்திரம் படித்தவர் "உடனே எல்லாவற்றையும் மேம்படுத்துக" என்பார். இரண்டாவதை மாத்திரம் படித்தவர் "தொடாமல் விடுக" என்பார். இரண்டும் சரியான விடையல்ல. தாமதிக்காமல் தொடங்குதல், ஆனால் சிறு குழுவிலிருந்து படிப்படியாக விரித்தல் என்பதே சரியான விடை.

7. மாதிரி வினாவும் விடையும்

வினா: 300 மெகாபைற்று அளவுள்ள நிறுவற் கோப்பை, செக்கனுக்கு 100 மெகாபிற்று வேகமுள்ள இணைப்பைக் கொண்ட ஒரு சேவையகத்திலிருந்து 40 கணினிகள் ஒரே நேரத்தில் பெறுகின்றன.
(அ) எல்லாக் கணினிகளும் பெற்று முடிக்க ஆகக்குறைந்தது எவ்வளவு நேரம் எடுக்கும்?
(ஆ) இந்நெரிசலைக் குறைக்க ஒரு வழி கூறுக.

விடை:
(அ) மொத்தத் தரவு = 300 × 40 = 12,000 மெகாபைற்று
= 12,000 × 8 = 96,000 மெகாபிற்று
நேரம் = 96,000 ÷ 100 = 960 செக்கன் = 16 நிமிடம்
(ஆ) கணினிகளைக் குழுக்களாகப் பிரித்து வெவ்வேறு நேரங்களில் நிறுவல். இதனால் பிழை ஏற்படினும் முதற் குழுவுடன் நிறுத்தலாம்.

குறிப்பு: பைற்றைப் பிற்றாக மாற்ற 8 ஆல் பெருக்க மறந்தால் விடை 2 நிமிடமாகிவிடும். அலகுகளை ஒவ்வொரு வரியிலும் எழுதிப் பழகுங்கள்.

பயிற்சி
1. 3010 என்னும் குறியீடு கிடைத்தால் முறைமை நிருவாகி செய்ய வேண்டியது யாது?
2. பகிரப்பட்ட கோப்புறைக்கு எழுதும் உரிமை வழங்காதிருப்பதன் காரணம் யாது?
3. "தானியங்கல் வேலையைக் குறைக்கும், பிழையையும் விரைவாகப் பரப்பும்." பகுதி 6 இன் சம்பவங்களைக் கொண்டு ஆராய்க.