சத்தம் வருகிறது, படம் இல்லை: எல்.இ.டி. டிவியின் பேக்லைட்டை வீட்டிலேயே மாற்றுவது எப்படி?

செய்தி வாசிப்பவரின் குரல் கணீரென்று கேட்கிறது. ரிமோட்டை அழுத்தினால் சேனலும் மாறுகிறது. திரை மட்டும் கரும்பலகை மாதிரி இருண்டு கிடக்கிறது. சில வருஷம் ஓடிய எல்.இ.டி. டிவிகளில் நான் அதிகம் பார்த்த கோளாறு இதுதான். எங்கள் அம்மா வீட்டு 32 இன்ச் டிவிக்கும் இதுவே வந்தது. பழுது பார்க்கும் கடையில், “பேனல் போயிடுச்சும்மா, புதுசு வாங்கிடுங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பேனல் நன்றாகத்தான் இருந்தது. அதன் முதுகுக்குப் பின்னால் எரியவேண்டிய விளக்குகளில் ஒன்றுதான் அணைந்திருந்தது. அதைச் சரிசெய்ய ஆன செலவு சில நூறு ரூபாய். நல்ல டிவி ஒன்று இப்படிக் காயலான் கடைக்குப் போவதைப் பார்க்க எனக்குப் பொறுப்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எல்.இ.டி. டிவி என்று பெயர் இருந்தாலும், இந்த வகை டிவியில் படத்தைக் காட்டுவது எல்.சி.டி. கண்ணாடி. அதற்குத் தானாக ஒளி கிடையாது. பின்னால் நீளப் பட்டைகளில் சின்னச் சின்ன எல்.இ.டி.க்கள் வரிசையாக எரிகின்றன. அந்தப் பட்டையைத்தான் ‘ஸ்ட்ரிப்’ என்கிறார்கள். திருவிழாவுக்குக் கட்டும் பழைய சீரியல் பல்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பல்பு போனால் அந்தச் சரம் முழுவதும் அணைந்துவிடும். இங்கேயும் அதே கதைதான். ஒரு எல்.இ.டி. அறுந்தால் மின்சாரம் ஓடும் வழி துண்டாகிறது. போர்டு அதைக் கண்டுகொண்டு பேக்லைட்டுக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்திவிடுகிறது. டிவியைப் போட்டதும் ஒரு நொடி பளிச்சென்று வந்து அணைந்தால், காரணம் பெரும்பாலும் இதுதான்.

முதலில் டார்ச் சோதனை

எதையும் கழற்றுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு டிவியில் ஒரு சேனலை ஓடவிடுங்கள். செல்போன் டார்ச்சைத் திரைக்கு மிக அருகில், சற்றுச் சாய்த்துப் பிடித்து மெல்ல நகர்த்திப் பாருங்கள். மங்கலாக ஆள் அசைவதோ எழுத்து ஓடுவதோ தெரிந்தால் கண்ணாடி உயிரோடு இருக்கிறது, பேக்லைட்தான் போயிருக்கிறது என்று அர்த்தம். ஒன்றுமே தெரியாவிட்டால் கோளாறு வேறு இடத்தில் இருக்கலாம், மேற்கொண்டு இறங்கவேண்டாம்.

வேறு அறிகுறிகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திரையில் செங்குத்தாகக் கோடு விழுந்தாலோ, பாதி படம் மட்டும் வந்தாலோ, கண்ணாடி விரிசல் விட்டிருந்தாலோ வீட்டில் செய்ய எதுவும் இல்லை. புதுப் பேனலின் விலை புது டிவியை நெருங்கும். சிவப்பு விளக்குகூட எரியவில்லை என்றால் பிளக், ஸ்டெபிலைசர், வயர் இவற்றை முதலில் பாருங்கள். அவை சரியாக இருந்தால் பவர் சப்ளையில் கோளாறு. அது தெரிந்தவர் கைக்குப் போகட்டும். அங்கே ஃபியூஸ் போயிருந்தால் கம்பியைச் சுற்றி ஓட்டிவிடலாம் என்று மட்டும் எண்ணாதீர்கள். ஃபியூஸ் சும்மா போவதில்லை.

இன்னொன்று. 2006 முதல் தமிழக அரசு வழங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சிகள் சில வீடுகளில் இன்னமும் இருக்கின்றன. அவை பிக்சர் டியூப் உள்ளவை. அந்த டியூபில் 20,000 வோல்ட்டுக்கு மேல் உருவாகும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மிச்சம் நிற்கும். அந்த வகை டிவியை வீட்டில் திறக்கவே கூடாது.

திறப்பதற்கு முன்

வாரண்டி இருந்தால் கம்பெனி ஆளைக் கூப்பிடுங்கள். இல்லையென்றால் பிளக், கேபிள், செட்டாப் பாக்ஸ் வயர் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். பவர் போர்டில் பெரிய உருளை வடிவக் கெபாசிட்டர் ஒன்று இருக்கும். நம் வீட்டு 230 வோல்ட் மின்சாரம் டி.சி. ஆகி அதில் சேரும்போது சுமார் 325 வோல்ட்டாக நிற்கும். சில போர்டுகளில் 400-ஐத் தொடும். ஆளைக் கொல்லப் போதுமான அளவு அது. மூடியைத் திறந்ததும் முதல் வேலை, மல்டிமீட்டரை டி.சி. 600 அல்லது 1000 வோல்ட்டில் வைத்து அந்தக் கெபாசிட்டரின் இரண்டு காலிலும் அளப்பது. சில வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருக்கவேண்டும். இறங்கவில்லை என்றால் இன்னும் காத்திருந்து மறுபடி அளந்து பாருங்கள். ஸ்க்ரூடிரைவரை வைத்து ‘ஷார்ட்’ செய்யும் பழக்கம் சிலருக்கு உண்டு. தீப்பொறி பறக்கும், போர்டும் கருகும். மல்டிமீட்டரைப் பிடித்தே பழக்கமில்லாதவர், பழகியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் இதில் இறங்கவேண்டாம்.

தேவையான சாமான்கள்: ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், மல்டிமீட்டர், எல்.இ.டி. டெஸ்டர், துணிக் கையுறை, பழைய ஏ.டி.எம். கார்டு ஒன்று, ஸ்க்ரூ போட்டுவைக்க இரண்டு மூன்று கிண்ணங்கள். டிவியைவிடப் பெரிய மேசையோ கட்டிலோ வேண்டும். கூட ஒரு ஆளும் கட்டாயம் வேண்டும். தரையைத் துடைத்துவிட்டு ஃபேனை நிறுத்துங்கள். உள்ளே போய் உட்காரும் தூசி பிறகு திரையில் கரும்புள்ளியாகத் தெரியும்.

பின்மூடியும் ஒரு முக்கியமான சோதனையும்

மேசையில் போர்வை விரித்து டிவியைக் குப்புறப் படுக்கவையுங்கள். ஸ்டாண்டைக் கழற்றி, பின்மூடி ஸ்க்ரூக்களை எடுங்கள். எச்.டி.எம்.ஐ. துளைகளின் ஓரத்திலும் ஸ்டிக்கருக்கு அடியிலும் ஒன்றிரண்டு ஒளிந்திருக்கும்; மூடி வரவில்லை என்று நெம்புவதற்கு முன் தேடிப் பாருங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நீள ஸ்க்ரூ எங்கே இருந்தது என்பதும் அதில் பதிவாகட்டும்.

கெபாசிட்டரை அளந்தாயிற்றா? இப்போது போர்டிலிருந்து பேனலின் உட்புறம் போகும் பேக்லைட் வயரைக் கண்டுபிடியுங்கள். கனெக்டருக்குப் பக்கத்தில் எல்.இ.டி. ப்ளஸ், மைனஸ் என்று அச்சிட்டிருப்பார்கள். கனெக்டரைப் பிடுங்கி, வயர் பக்கத்தில் எல்.இ.டி. டெஸ்டரின் இரண்டு முனைகளையும் வையுங்கள். டெஸ்டரில் வரும் கரண்ட் குறைவுதான் என்றாலும் வோல்ட்டேஜ் அதிகம்; முனையைக் கையால் தொடாதீர்கள். உள்ளே வெளிச்சம் வந்தால் ஸ்ட்ரிப் நன்றாக இருக்கிறது, கோளாறு போர்டில். அப்படியென்றால் பேனலைக் கழற்றவே வேண்டாம். போர்டை மட்டும் எடுத்துப்போய்க் கொடுங்கள். இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல் பேனலைத் தூக்கி, நன்றாக இருந்த கண்ணாடியை உடைத்தவர்கள் உண்டு.

வெளிச்சம் வரவில்லை என்றால் மேலே போகலாம்.

பேனலைத் தூக்குவது

இந்த வேலையின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. கண்ணாடியின் விளிம்பில் ஒரு நீளமான ஒல்லிப் போர்டு இருக்கும். அதையும் கண்ணாடியையும் இணைப்பவை காகிதம் போன்ற மெல்லிய ஃபிலிம்கள். அவற்றில் ஒன்று கிழிந்தாலும் டிவி முடிந்தது. ஒட்டவோ சால்டர் செய்யவோ வீட்டில் வழியில்லை. ஆகவே அந்தப் போர்டை இரும்புச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களை முதலில் எடுத்துவிடுங்கள். மெயின் போர்டிலிருந்து அதற்கு வரும் ரிப்பனை, லாக்கைத் திறந்து, இழுக்காமல் நேராக உருவுங்கள்.

பிறகு டிவியை மெல்ல நிமிர்த்திப் படுக்கவைத்து, முன்சட்டத்தின் லாக்குகளை ஏ.டி.எம். கார்டால் ஒவ்வொன்றாக விடுவியுங்கள். கண்ணாடி இப்போது சும்மா உட்கார்ந்திருக்கும். எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டு பேர் நின்று, உள்ளங்கைகளை விளிம்புக்கு அடியில் கொடுத்து, ஒரே நேரத்தில் தூக்கவேண்டும். கண்ணாடி வளையக்கூடாது. ஒல்லிப் போர்டு தொங்கக்கூடாது. அந்தப் பக்கம் இருப்பவர் அதையும் சேர்த்துத் தாங்கவேண்டும். சமதளத்தில் படுக்கவைத்து, சுத்தமான துணியால் மூடிவையுங்கள். சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அந்த அறையைச் சாத்திவிடுங்கள்.

அடுத்து இரண்டு மூன்று பிளாஸ்டிக் தாள்களும் ஒரு கெட்டியான வெள்ளைப் பலகையும் வரும். எது மேலே, எது கீழே, எந்த மூலை எந்தப் பக்கம் என்ற வரிசை மாறக்கூடாது. எடுத்த அடுக்கை அப்படியே ஒன்றாகத் தூக்கி வைப்பதுதான் நல்லது. துடைக்காதீர்கள்; கீறல் விழும்.

ஸ்ட்ரிப்பை மாற்றுவது

இப்போது ஸ்ட்ரிப்கள் கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொரு எல்.இ.டி.யின் மேலும் குமிழ் போல ஒரு லென்ஸ் கவிழ்த்திருக்கும். டெஸ்டரை ஒவ்வொன்றின் இரண்டு பக்கத்திலும் வைத்துப் பார்த்தால் செத்தது எது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் அதன் நடுவில் கருகிய புள்ளி இருக்கும்.

அந்த ஒன்றை மட்டும் மாற்றலாமா? மாற்றலாம். ஜம்பர் போட்டு அதைத் தாண்டிவிடுபவர்களும் இருக்கிறார்கள். நான் இரண்டையும் சொல்லமாட்டேன். மற்றவையும் அதே வயதுடையவை, அதே சூட்டில் வெந்தவை. சில மாதங்களில் அடுத்தது போகும். மறுபடி அந்தக் கண்ணாடியைத் தூக்கும் ஆபத்து யாருக்கும் வேண்டாம். முழு செட்டையும் மாற்றுங்கள்.

வாங்கும்போது டிவி மாடலை மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள். ஒரே மாடலில் வேறு வேறு ஸ்ட்ரிப் வந்திருக்கும். ஸ்ட்ரிப்பிலேயே அச்சிட்டிருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை எல்.இ.டி., ஒவ்வொன்றும் 3 வோல்ட்டா 6 வோல்ட்டா, நீளம் எவ்வளவு, கனெக்டர் எந்த முனையில் என்று நான்கும் ஒத்துப்போகவேண்டும். பழையதைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுவது இன்னும் நல்லது. சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் தேடலாம். மற்ற ஊர்களில் எலெக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடைகளில் சொல்லிவைத்தால் வரவழைத்துக் கொடுப்பார்கள். அலுமினிய அடிப்பாகம் உள்ளதையே கேளுங்கள். சூட்டை அது நன்றாகக் கடத்தும்.

பழைய ஸ்ட்ரிப்பை உரித்து, தகட்டில் மிஞ்சிய பசையைச் சுரண்டித் துடைத்துவிட்டுப் புதியதை அழுத்தி ஒட்டுங்கள். ப்ளஸ், மைனஸ் மாறக்கூடாது. லென்ஸ் ஏதாவது ஆடுகிறதா என்றும் பாருங்கள். லென்ஸ் விழுந்த இடம் திரையில் வெள்ளைப் பொட்டாகத் தெரியும். ஒட்டவேண்டியிருந்தால் எபாக்ஸி நல்லது. உடனே ஒட்டும் பசையின் ஆவி லென்ஸை வெளுக்கவைக்கும். எல்லாம் முடிந்ததும் டெஸ்டரைக் கனெக்டரில் வைத்து மொத்த வரிசையும் எரிவதைப் பார்த்துவிட்டுத்தான் தாள்களை அடுக்கவேண்டும். நேராக உற்றுப் பார்க்காதீர்கள், கண் கூசும்.

திருப்பிப் பூட்டுவது, எடுத்த படங்களைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே செய்யும் வேலை. ரிப்பன் நேராக உட்கார்ந்து லாக் விழுந்திருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். பின்மூடியை நான்கு ஸ்க்ரூவாவது போட்டு மூடிய பிறகே பிளக்கைச் சொருகுங்கள்.

படம் வந்ததும் மெனுவுக்குள் போய் ‘பேக்லைட்’ என்ற அமைப்பைத் தேடுங்கள். பல டிவிகளில் அது 100-இலேயே இருக்கும். 60, 70-க்குக் குறைத்தால் எல்.இ.டி.க்கள் சூடாவது குறையும், அதிக நாள் உழைக்கும். ‘பிரைட்னஸ்’ வேறு, அதைக் குறைத்துப் பயனில்லை. அம்மா வீட்டு டிவியில் 60 வைத்திருக்கிறேன். ஜன்னல் வெளிச்சம் இருக்கும் பகல் நேரத்திலும் அவருக்கு அது போதுமாக இருக்கிறது.