ஊர்ப்பணம் ஒரு பங்கு

கேள்வி: துபாயில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள், அரசோடு சேர்ந்து ஊருக்கு ஏதாவது செய்ய வழி உண்டா?
– வாசகர், பரவை

பதில்: உண்டு. 2021-ல் மீண்டும் உயிர்பெற்ற ‘நமக்கு நாமே’ திட்டம் இதற்குத்தான். பொதுவாக, வேலையின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும்.

மெக்சிகோவில் இருந்த ஏற்பாடு இதைவிடத் தாராளமானது. அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனவர்களின் ஊர்ச்சங்கம் ஒரு பங்கு போட்டால், மத்திய, மாநில, உள்ளாட்சி அரசுகள் ஆளுக்கொரு பங்கு போட்டன. சாக்கடேகாஸ் மாநிலத்தில் முளைத்த இந்த ஏற்பாடு 2002-ல் நாடு முழுவதற்கும் வந்தது. குறை ஒன்று: வெளிநாட்டில் வலுவான சங்கம் இல்லாத ஏழை ஊர்களுக்கு அது சரியாக எட்டவில்லை.

பிள்ளைகள் பணம் அனுப்பட்டும். நுழைவு வளைவா, கண்மாய்த் தூர்வாரலா என்பதை ஊரில் இருப்பவர்கள் கூடி முடிவு செய்யுங்கள்.