வெள்ளெழுத்து

இரவு உணவுக்குப் பிறகு, பாட்டியின் மருந்துப் பொட்டலத்தை அப்பா கையில் எடுத்தார். அதில் ஒட்டியிருந்த சீட்டைக் கண்ணருகே கொண்டுசென்றார்; எழுத்துகள் மங்கின. கையை நீட்டிப் பார்த்தார், சற்றுத் தெளிந்தன. “வெளிச்சம் போதவில்லை. எழுத்தையும் இவ்வளவு பொடியாகவா அச்சடிப்பார்கள்?” என்று குறைப்பட்டுக்கொண்டார். அருகிலிருந்த மகள் சீட்டை வாங்கி, “ஒரு மாத்திரை, இரவில் மட்டும்” என்று தடுமாறாமல் படித்தாள்.

நாற்பதைக் கடந்தவர்கள் இருக்கும் வீடுகளில் இத்தகைய காட்சி புதிதன்று. இக்குறைபாட்டைத் தமிழில் ‘வெள்ளெழுத்து’ என்பர். இது நோயன்று. கண்ணுக்குள் இருக்கும் வில்லை இளமையில் நெகிழ்வாக இருக்கும். அருகிலுள்ள பொருளைப் பார்க்கும்போது, அதனைச் சுற்றியுள்ள தசை சுருங்கும். வில்லை தடித்து, ஒளியை விழித்திரையில் சரியாகக் குவிக்கும். வயது ஏற ஏற, வில்லை இந்நெகிழ்வை இழக்கிறது. இம்மாற்றம் இளமையிலேயே தொடங்கினாலும், 40 வயதையொட்டித்தான் பெரும்பாலோர் அதனை உணர்கின்றனர். குவிவில்லை பொருத்திய மூக்குக்கண்ணாடியை அணிந்தால் எழுத்துகள் மீண்டும் தெளியும்.

தீர்வு எளிதாக இருந்தும் பலர் அதனைத் தள்ளிப்போடுகின்றனர். கண்ணாடி வாங்குவது அவர்களுக்குக் கடினமன்று. ‘எனக்கு வயதாகிறது’ என்று ஒப்புக்கொள்வதே கடினம். ஆனால், மருந்தின் அளவைத் தவறாகப் படித்துவிட்டால் அந்தத் தயக்கத்தால் துன்பப்படுவது பாட்டியல்லவா?

நடுத்தர வயது இழப்புகளை மட்டும் தருவதில்லை. அமெரிக்காவின் சியாட்டல் நகரில் 1956ஆம் ஆண்டில் உளவியலாளர் வார்னர் ஷாய் ஓர் ஆய்வைத் தொடங்கினார். அதில் பங்கேற்றவர்களின் அறிவுத்திறன் 7 ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் சோதிக்கப்பட்டது. எண்களையும் உருவங்களையும் விரைந்து ஒப்பிடும் வேகம் வயதோடு குறைந்தது. ஆனால், சொல்வளமும் ஆய்ந்து முடிவுக்கு வரும் திறனும் பலரிடம் நடுத்தர வயதிலேயே உச்சத்தை எட்டின. ஒன்று குறையும் அதே வயதில் இன்னொன்று வளர்கிறது.

அன்றிரவு மகள் அப்பாவைக் கேலி செய்யவில்லை. தன் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டே, “தூரத்தில் இருப்பதைப் பார்க்க நான் கண்ணாடி போடுகிறேன். பக்கத்தில் இருப்பதைப் பார்க்க நீங்கள் போடப் போகிறீர்கள். அவ்வளவுதானே, அப்பா?” என்றாள். அப்பா சிரித்துவிட்டார். அந்த வார இறுதியிலேயே இருவரும் கண்ணாடிக் கடைக்குச் சென்றனர்.

இப்போது அப்பாவின் கண்ணாடி பாட்டியின் மருந்துப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சீட்டுகளை அவரே படிக்கிறார். தமிழ்ச் செய்தித்தாளில் புரியாத சொல் வந்தால், மகள் அதனை அவரிடம் நீட்டுகிறாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொருள் சொல்கிறார்.